ஒரே ஷீட்டில் இரண்டு ஓரகத்திகள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

பிரஸ்ஸில் இன்று புது ஆல்பத்துக்குப் பூஜை. அடுத்த வருடக் காலண்டருக்கான படங்களுக்கெல்லாம் நம்பர் போட்டு, ஆல்பமாக்கி, ஆடிப்பெருக்கு அன்று சாமி முன்னால் வைத்துவிட்டால் சிவகாசியில் சீசன் பிறந்துவிட்டது என்று அர்த்தம். கடைக்காரர்கள் ஆல்பத்தைப் பார்த்துப் படம் நம்பர் சொல்வார்கள். அந்தப் பட அட்டையின் அடியில் அவர்கள் கடைப் பெயரை அடித்து, தேதிக்கட்டு வைத்து அனுப்ப வேண்டும். இனி மார்கழி வரை நிமிர நேரம் கிடையாது.

முதலாளி ராஜரத்தினம் அண்ணாச்சி சர்க்கரைப் பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு மூட்டுவலி தாங்கல. முன்ன மாதிரி அலைய முடியாது. இந்த சீசன் முடியவும் ஆர்டர் செக்‌ஷனுக்குன்னு ஒரு மேனேஜரப் போட்டுருவேன். கண்ணாடி ரூமு, தனி ஏசி, எல்லாம் உண்டு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பொங்கலில் முந்திரி தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். வேறு யார் இருக்கிறார்கள்? பல சீசனாக ஆர்டர் செக்‌ஷன் என்றால் ஜெயக்கொடி, ஜெயக்கொடி என்றால் ஆர்டர் செக்‌ஷன்.

நம் பிரஸ்ஸிலேயே அச்சடித்த டைரி இது. பைண்டிங்கில் கோணலாகப் போனதால் கழித்துப் போட்டிருந்தார்கள். மேனேஜராகப் போகிறவள் நாலு விஷயம் எழுதிவைக்க வேண்டாமா என்று எடுத்துவந்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இந்துஜா இன்று வேலைக்குச் சேர்ந்தாள். என் கொழுந்தன் சேதுவின் மனைவி. எனக்கு ஓரகத்தி. மாடியில் அவர்கள், கீழே நாங்கள், நடுவில் மாமியார்.

"பி.காம் சி.ஏ. படிச்சிட்டு வீட்ல சும்மா உக்காந்துருக்கா. அண்ணாச்சிகிட்ட நீ ஒரு வார்த்த சொன்னா என்ன?" என்று என் வீட்டுக்காரர் ஒரு மாதமாக அரித்தெடுத்தார். சொன்னேன். சேர்த்துக்கொண்டார்கள். நான் வாங்கிக் கொடுத்த வேலை இது. இதை இங்கே எழுதி வைக்கிறேன், பிற்பாடு யாரும் மறந்துவிடக் கூடாது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாமியார் இரண்டு பேருக்கும் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். அவள் டப்பாவில் முட்டை இருந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆர்டர் எல்லாம் என் சிஸ்டத்தில் ஒரே எக்செல் ஷீட்டாக இருக்கிறது. ஆபீஸில் மற்ற கம்ப்யூட்டரிலும் அதைத் திறக்கலாம். ஆனால் நான் திறந்து வைத்திருந்தால் மற்றவர்கள் பார்க்கத்தான் முடியும், ஒரு எழுத்துக்கூட அடிக்க முடியாது. "ஜெயக்கொடி உபயோகிக்கிறார்" என்று அவர்களுக்குக் காட்டும்.

அதனால் என்ன ஆகும்? மிஷின் ஹாலில் இருந்து கருத்தப்பாண்டி அண்ணன் அச்சு மை படிந்த கையோடு வந்து நிற்பார். "ஏத்தா ஜெயக்கொடி, ஒரு அஞ்சு நிமிசம் மூடேன். அடிச்சு முடிச்சத நான் குறிச்சிக்கிருதேன்." பேக்கிங்கில் இருந்து ஆள் வரும். மதுரை ஏஜென்ட் போனில் கெஞ்சுவார். நான் கொஞ்சம் பொறுங்கள் என்பேன். சில நாள் சாப்பிடப் போகும்போதும் திறந்தே வைத்துவிட்டுப் போவேன். மறதிதான்.

இன்று இந்துஜா அண்ணாச்சி முன்னால் போய் நின்று, "இத ஆன்லைன் ஷீட்டா மாத்திரலாம் அண்ணாச்சி. ஒரே நேரத்துல எல்லாரும் எழுதலாம். யாரும் யாருக்காகவும் காத்துக்கிடக்க வேணாம்" என்று சொல்லியிருக்கிறாள்.

வேலைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. என்னிடம் ஒரு வார்த்தை? ஒரே வீட்டில்தானே இருக்கிறோம், மாடிப்படி இறங்கி வந்தால் நான்தானே நிற்கிறேன்?

ஆகஸ்ட் 25, திங்கள்

மாற்றிவிட்டார்கள். அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். மிஷின் ஹாலில் இருந்து கருத்தப்பாண்டி அண்ணன் அடிப்பது இங்கே தானாக எழுத்தெழுத்தாக வந்து விழுந்தது. "ஏயப்பா, பேய் எழுதுற மாதிரில்ல இருக்கு!" என்று கைதட்டினார். இந்துஜாவுக்கு வாயெல்லாம் பல்.

பிறகு அவள் ஒன்று சொன்னாள். ஆளாளுக்குத் தனித்தனி ஐடி வேண்டுமாம். யார் எதை மாற்றினார்கள் என்று அப்போதுதான் தெரியுமாம். யார் எந்தக் கட்டத்தைத் தொடலாம், கூடாது என்று பூட்டும் போடலாமாம்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "எதுக்கு அண்ணாச்சி பூட்டெல்லாம்? நம்ம ஆளுகள நாமளே சந்தேகப்படுறதா? உங்க ஐடி ஒண்ணு போதாதா? எல்லாரும் அதுலயே போயிட்டு வருவோம்" என்றேன்.

அண்ணாச்சிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லு தாயி. ஒரு குடும்பம் மாதிரி இருக்கோம், ஆளுக்கொரு சாவி எதுக்கு?" என்று தன் ஐடியையும் பாஸ்வேர்டையும் போர்டிலேயே எழுதிப் போட்டார்.

இந்துஜாவும் அதைப் பார்த்துத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வரும்போது எனக்குப் பசியே தெரியவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று காலை ஷீட்டைத் திறந்தால் என் ஆர்டர்கள் பாதியைக் காணோம். ராஜபாளையம் இல்லை, சாத்தூர் இல்லை, கோவில்பட்டி ஜவுளிக்கடை இல்லை. நேற்று முழுக்கக் கழுத்து நோக அடித்தவை.

எதிர் மேஜையில் அவள். தலையைக்கூடத் தூக்காமல் ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறாள். இது யார் வேலை என்று எனக்கு உறைத்துவிட்டது. "என் ஆர்டர யாரு அழிச்சது?" என்று மேஜையைத் தட்டினேன். "அழிஞ்சிருக்காதுக்கா, யாராச்சும் ஃபில்டர் போட்டு—" என்று ஆரம்பித்தாள். "ஃபில்டராவது காப்பியாவது. உன் வேலைய நீ பாரு" என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அத்தனையையும் மறுபடி அடித்தேன். மதியத்துக்குள் முடித்தேன். அழிப்பவர்கள் அழிக்கட்டும், எனக்குக் கை இருக்கிறது.

செப்டம்பர் 10, புதன்

கருத்தப்பாண்டி அண்ணன் விநாயகர் படங்களை மட்டும் பார்ப்பதற்காக ஏதோ வடிகட்டிப் போட்டாராம். ஷீட்டில் ஒருவர் வடிகட்டினால் எல்லோருக்கும் அதே மாதிரிதான் தெரியுமாம். அவர் எடுத்துவிட்டதும் என் பழைய ஆர்டர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்திலேயே நான் நேற்று அடித்தவையும்.

கோவில்பட்டி ஜவுளிக்கடைக்கு இரண்டு மடங்கு அட்டை அடிக்க எடுத்துவிட்டார்கள். இந்துஜா ஓடிப்போய் மிஷினை நிறுத்தியிருக்கிறாள். இரட்டையாக இருந்ததையெல்லாம் உட்கார்ந்து எடுத்தாள். என் பெயரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ரெண்டு தடவ பதிஞ்சிருக்கு அண்ணாச்சி, சரி பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

சொல்லிவிட்டுப் போயிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

அண்ணாச்சி இப்போதெல்லாம் உள்ளே வரும்போதே "இந்துஜா எங்க?" என்றுதான் கேட்கிறார். முன்பு "ஜெயக்கொடி எங்க?" என்பார். ஒரு பெயர்தானே, எனக்கென்ன.

செப்டம்பர் 23, செவ்வாய்

கரன்ட் பில் கட்டினேன். முருங்கைக்காய் விலை கேட்டுத் திரும்பி வந்துவிட்டேன். இந்துஜா மிஷின் ஹாலுக்குள் போனால் கருத்தப்பாண்டி அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டுப் பேசுகிறார். நான் போனால் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

மாமியார் எனக்கு மாம்பழ நிறத்தில் புடவை, அவளுக்குக் கத்தரிப்பூ நிறம். ஒரே கடை, ஒரே விலை என்று பில்லையே காட்டினார். ஆனால் கத்தரிப்பூ எனக்குப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

சாப்பிடும்போது சேது, "அண்ணி, ஆபீஸ்ல மேனேஜர் போஸ்ட் வருதாமே? இந்துஜாவுக்கு சான்ஸ் இருக்கா?" என்று விளையாட்டாகக் கேட்டான். என் வீட்டுக்காரர் பேச்சை மாற்ற இட்லி கேட்டார். இந்துஜா "சும்மா இருங்க, அக்கா இருக்கும்போது நானா?" என்றாள்.

அப்படியென்றால் நான் இல்லாவிட்டால் அவள்தான் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? இதை இவரிடம் சொன்னேன். "ஒனக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று வெடி விடப் போய்விட்டார்.

நவம்பர் 5, புதன்

அவளுக்கு ஜலதோஷம். ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மிளகு சற்றுத் தூக்கலாகப் போட்டேன், ஜலதோஷத்துக்கு நல்லது.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று என் நாள்!

அண்ணாச்சி அட்டை வாங்கக் கம்பெனிக்குப் போயிருந்தார். அங்கிருந்தே போன். ஸ்பீக்கரில் போட்டேன். "எந்தப் படம் ரொம்ப ஓடியிருக்கு? அட்டைக்காரர் முன்னால உக்காந்துருக்கேன், சட்டுனு சொல்லுங்க."

"ஒரு நிமிஷம் அண்ணாச்சி, எண்ணிச் சொல்றேன்" என்று இந்துஜா ஏதோ சூத்திரம் அடிக்க ஆரம்பித்தாள். அவள் ஆரம்பிப்பதற்குள் எனக்கு யோசனை வந்துவிட்டது. படம் நம்பர் எழுதியிருக்கும் கட்டங்களை மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே பிடியாகப் பிடித்தேன். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கு என்று ஒரு தட்டு. எல்லா நம்பரும் தன் இனத்தோடு போய் அழகாக வரிசையில் நின்றுவிட்டன. நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பன்னிரண்டு என்று முழு ஸ்கிரீனுக்கும் ஓடியது. மயில் மேல் முருகன்.

"நூத்திப் பன்னெண்டு அண்ணாச்சி! முருகன்!"

"சபாஷ் ஜெயக்கொடி! அதான் பழைய ஆளு வேணும்ங்கிறது!"

ஸ்பீக்கரில் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. இந்துஜா முகத்தைப் பார்க்க வேண்டுமே, பாதியில் விட்ட சூத்திரத்தோடு அப்படியே இருந்தாள். அதற்குள் தேனிக்காரர் ஆர்டர் சொல்ல வந்துவிட்டார், நானும் எழுந்து போய்விட்டேன். வரும் வழியில் ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 27, வியாழன்

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அருப்புக்கோட்டைக் கறிக்கடைக்காரர் போன் செய்தார். அவர் கடைப் பெயரை வள்ளலார் படத்துக்குக் கீழே அடித்து அனுப்பியிருக்கிறோம். "ஏம்மா, உயிர்க்கொலை கூடாதுன்னு சொன்ன சாமியக் கொண்டாந்து என் கடைப் பேரு மேல உக்கார வச்சிருக்கீக. நான் கடைய மூடிட்டு எங்க போகட்டும்?"

அவர் போனை வைப்பதற்குள் அடுத்த போன். அத்தர்க் கடைக்காரர் மெக்கா படம் கேட்டிருந்தார், ஐயப்பன் போயிருக்கிறது. சாத்தூர் சர்ச்சுக்கு லட்சுமி குபேரர். மூட்டுவலி வைத்தியர் ஒருவருக்கு ஒற்றைக் காலில் ஆடும் நடராஜர். பண்டல் பண்டலாகத் திரும்பி வருகிறது. இன்னும் லாரியில் எத்தனை போய்க்கொண்டிருக்கிறதோ. ஒவ்வொருவரும் வருடம் தவறாமல் வரும் வாடிக்கை. புது வருடத்துக்குள் சரியான அட்டை போய்ச் சேராவிட்டால் அடுத்த ஆடிக்கு ஒருவரும் நம் ஆல்பத்தைத் தொட மாட்டார்கள்.

இது இந்துஜாவின் ஷீட். இது மட்டும் என் சிஸ்டத்தில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா? எல்லோரும் நினைத்ததைத்தான் எழுதுகிறேன். கருத்தப்பாண்டி அண்ணன்கூட அவளிடம், "என்ன தாயி, ஒன் மிஷினு இப்படிப் பண்ணிருச்சு?" என்றார். கண்ணாடி ரூமைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், எட்டிப் பார்த்தேன். ஏசி மாட்டியாகிவிட்டது.

நவம்பர் 28, வெள்ளி

இந்துஜா பழைய பதிவுகளையெல்லாம் தோண்டிப் பார்த்தாள். பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை வரை எல்லாம் சரியாக இருக்கிறதாம். அன்று பதினொரு மணி வாக்கில் படம் நம்பர் மட்டும் எல்லா ஆர்டரிலும் இடம் மாறியிருக்கிறதாம். கடை அங்கேயே நிற்க, படம் மட்டும் எழுந்து வேறு வீட்டுக்குக் குடிபோயிருக்கிறது.

"யாரு செஞ்சது? அதுல பேரு காட்டும்ல?" என்றார் அண்ணாச்சி.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். ராஜரத்தினம். ராஜரத்தினம். ராஜரத்தினம். கீழே கீழே அத்தனையிலும் அவர் பெயர்தான்.

"அப்ப நானா செஞ்சேன்? எனக்கு அந்தக் கண்றாவியத் தொறக்கவே தெரியாதே!" என்று கத்தினார். "அன்னைக்கு யாரெல்லாம் அதுல இருந்தீக?"

எல்லோரும்தான் இருந்தோம். மிஷின் ஹால், பேக்கிங், மதுரை ஏஜென்ட், அவள், நான். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்தாளா, என் பின்னால் இருந்த போர்டைப் பார்த்தாளா, தெரியவில்லை. போர்டில் பாஸ்வேர்டு இருந்தது.

பத்து நாளைக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை யார் என்ன செய்தார்கள் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? எனக்கு இல்லை. இந்த டைரியில் புரட்டிப் பார்க்கலாம்தான். ஆனால் பைண்டிங் கோளாறு, முந்தின பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

நவம்பர் 29, சனி

பதினெட்டாம் தேதி காலையில் எப்படி இருந்ததோ அப்படியே ஷீட்டைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். ஆனால் திருப்பினால் முழுதாகத்தான் திரும்புமாம். அதற்குப் பிறகு எல்லோரும் அடித்த ஆர்டர்கள் அத்தனையும் போய்விட்டன. வாட்ஸப்பில் வந்ததையும் துண்டுச் சீட்டில் குறித்ததையும் பார்த்து மறுபடி ஏற்ற வேண்டும். நான் "தேனி" என்று அடித்துக்கொண்டிருக்கும் கட்டத்திலேயே மதுரை ஏஜென்ட் "மேலூர்" என்று அடித்து என்னுடையதை முழுங்கிவிட்டார். இரண்டு முறை. போனிலேயே சண்டை போட்டேன்.

இந்துஜா பக்கத்து நாற்காலியில் இருந்து வாசித்தாள், நான் அடித்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

மாடியில் துணி காயப்போடப் போனேன். அவளும் வந்தாள்.

"அக்கா, அன்னைக்கு அண்ணாச்சி போன்ல கேட்டாகள்ல, எந்தப் படம் ஓடுதுன்னு. அத நீங்க எப்படிப் பாத்தீங்க?"

"கண்ணால பாத்தேன்."

வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பாதித் துணி ஈரமாகவே இருந்தது.

டிசம்பர் 2, செவ்வாய்

ஒரே ஒரு வரிசையை அடுக்கினால் மற்றது எப்படி மாறும்? நான் கடைப் பெயரைத் தொடவே இல்லையே. நம்பரை மட்டும்தான்

டிசம்பர் 6, சனி

மாமியார் "ஏன் சாப்பிட மாட்டேங்கிற?" என்றார். பல் வலி என்றேன்.

டிசம்பர் 10, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். நாளைக்கு எழுதினால் எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

திரும்பி வந்த ஆர்டர்கள் எல்லாம் நேற்றோடு சரியான அட்டையில் அடித்துக் கிளம்பிவிட்டன. தப்பித்தோம். அண்ணாச்சி எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"வேல முடிஞ்சிருச்சு, சரி. ஆனா யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சாகணும். எனக்கு முதுகுல குத்துன மாதிரி இருக்கு."

கருத்தப்பாண்டி அண்ணன் கூரையைப் பார்த்தார். நான் என் வளையலைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருந்தால் பழி தானாகப் போய் இந்துஜா தலையில் விழும், கண்ணாடி ரூம் எனக்கு. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்போது அவள் எழுந்தாள்.

"தப்பு என் மேலதான் அண்ணாச்சி."

எல்லோரும் திரும்பினோம்.

"ஷீட்ட மாத்தச் சொன்னது நான். தனி ஐடி இல்லாம இது சரிப்படாதுன்னு எனக்குத் தெரியும். நீங்க வேணாம்னதும் விட்டுட்டேன். இன்னும் ரெண்டு தடவ நின்னு பேசியிருக்கணும். யார் கை பட்டிருந்தாலும், பூட்டாம விட்டது நான்தான். என்னையே வச்சுக்கோங்க."

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்தார். உண்மையாகவே துடைத்தார்.

"பாத்தீகளா? பாத்தீகளாய்யா? அடுத்தவங்க மேல ஒரு விரல நீட்டல. தானா எந்திரிச்சு ஏத்துக்கிட்டா. இதுக்குத்தான்யா ஒரு மனசு வேணும். எனக்கு இப்படி ஒரு ஆளுதான் வேணும். கண்ணாடி ரூமு இந்தப் பிள்ளைக்குத்தான்!"

கருத்தப்பாண்டி அண்ணன் கைதட்டினார். பேக்கிங் பெண்கள் கைதட்டினார்கள். மதுரை ஏஜென்ட் போனில் இருந்தார், அவரும் தட்டினார்.

என் உள்ளங்கால் முதல் உச்சி வரை தீப்பிடித்தது. முட்டை அவளுக்கு. கத்தரிப்பூ அவளுக்கு. "எங்க" என்று கேட்டால் அவள் பெயர். எல்லாம் போகட்டும். ஆனால் இது? இதைச் செய்தது நான். என் கையால், என் மூளையால், ஒரே தட்டில் செய்தது. அதற்கும் பாராட்டு அவளுக்கா?

"அது நான் செஞ்சது!"

கத்தியது நான்தான் என்று என் காதுக்கே பிறகுதான் தெரிந்தது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்திருந்தது.

"அவ எப்படிச் செய்வா? அவளுக்கு அது வருமா? அவ ஒண்ணொண்ணா சூத்திரம் போட்டுக்கிட்டு உக்காந்துருந்தா. படம் நம்பர மட்டும் பிடிச்சு அடுக்குனது நானு! நூத்திப் பன்னெண்டுன்னு சொன்னது நானு! சபாஷ்னு சொன்னீகளே அண்ணாச்சி, மறந்து போச்சா? தனி ஐடி வேணாம்னு சொன்னதும் நான்தான். எல்லாம் நான்தான். இதுல அவளுக்கு ஒரு பங்கும் கிடையாது!"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"செஞ்சது நீயா?"

"நான்தான்."

"இத ஏன் இம்புட்டு நாளா சொல்லல?"

"என்னைய யாரும் கேக்கல."

அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். கோபம் வரப்போகிறது என்று நின்றேன். வந்தது வேறு. வயிறு குலுங்க ஆரம்பித்தது. "ஏன் தாயி, இதுக்குப் போயி யாராச்சும் போட்டிக்கு வருவாகளா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார், இருமினார், தண்ணீர் கேட்டார். ஒருவர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் விழுந்த நாற்காலியை எடுத்து நிமிர்த்தி வைத்து அதில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

கண்ணாடி ரூம் அவளுக்குத்தான். மாற்றவில்லை. எனக்கு வேலை போகவில்லை. நாளையிலிருந்து எல்லோருக்கும் தனி ஐடி. போர்டை அழிக்கச் சொல்லிவிட்டார்.

டிசம்பர் 11, வியாழன்

அவள் வீடு முழுக்கச் சொல்லிவிட்டாள். "என்னையக் காப்பாத்தத்தான் அக்கா எந்திரிச்சு நின்னாங்க. இல்லேன்னா என் பேரு நாறிப் போயிருக்கும். மேனேஜர் போஸ்ட்டே போனாலும் பரவாயில்லன்னு உண்மையச் சொல்லிட்டாங்க." மாமியாரிடம், சேதுவிடம், எதிர்வீட்டில், போனில் அவள் அம்மாவிடம் என்று ஒருவரையும் விடவில்லை.

மாமியார் என் தட்டில் கூட ஒரு முட்டை வைத்தார். "ஒனக்கு நல்ல மனசும்மா" என்றார். இவ்வளவு வருடத்தில் முதல் தடவை. என் வீட்டுக்காரர், "எனக்குப் பெருமையா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

நான் யாரையும் காப்பாற்றவில்லை. என்னுடையதை அவள் எடுத்தாள், திருப்பிக் கேட்டேன். அவ்வளவுதான். இதை யாரிடம் போய்ச் சொல்ல? நல்லவள் என்ற பெயரைக்கூட எனக்கு அவள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மாடிப்படியில் அவளைப் பிடித்துக் கேட்டேன்: "நான்தான்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?"

"நீங்க சொல்லுவீங்கன்னுதான் தெரியாதுக்கா" என்றாள்.

டிசம்பர் 15, திங்கள்

இந்துஜா கண்ணாடி ரூமில் உட்கார்ந்துவிட்டாள். ஏசிக்குப் பழக்கமில்லை, முதல் நாளே துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

எல்லோருக்கும் ஷீட்டைப் பிரித்துக் கொடுத்தாள். மிஷின் ஹால்காரர் அடித்து முடித்ததை மட்டும் குறிக்கலாம். பேக்கிங்காரர்கள் பேக்கிங்கை மட்டும். என் மேஜைக்கு வந்து குனிந்து, "அக்கா, படம் நம்பர் கட்டம் முழுக்க உங்க பேர்ல பூட்டிருக்கேன். உங்கள விட்டா அதுல யாரும் கை வைக்க முடியாது" என்றாள்.

"யாரும்னா?"

"நானும்தான். மாத்தணும்னா உங்ககிட்டதான் கேக்கணும்."

"கெடுத்தவகிட்டயே சாவியா?" என்றேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"இனிமே அத ஒங்கள மாதிரி யாரு பாத்துக்குவா?" என்று சொல்லிவிட்டு ரூமுக்குள் போய்விட்டாள். குத்தலா, நிஜமா, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மதியம் உசிலம்பட்டிக்காரர் கடைசி நேரத்தில் படத்தை மாற்றச் சொல்லியிருக்கிறார். என் திரையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. "இந்துஜா சேதுராமன் அனுமதி கேட்கிறார்." நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துப்பட்டாவும் மூக்குமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், மேனேஜர்.

அப்போதுதான் வாட்ச்மேன் சூடாக வடை கொண்டுவந்தார். ஒன்றைச் சட்னியோடு நிதானமாகத் தின்றேன். போய்க் கை கழுவினேன். முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, அதற்குப் பிறகுதான் அனுமதி கொடுத்தேன்.